லான்சர் எவோவா, இம்ப்ரேஸா எஸ்டிஐ-யா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: 1990களின் இறுதியில் வந்த மிட்சுபிஷியின் லான்சர் எவோ, சுபாருவின் இம்ப்ரேஸா எஸ்டிஐ இரண்டும் 280 குதிரைத்திறன்தானே? ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா?

முதல் வளைவிலேயே தெரியும். 280 என்பது எஞ்சினின் எல்லை அல்ல. ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்டு, 2004 வரை கடைப்பிடித்த உடன்பாட்டின் எல்லை. ஆகவே அந்த எண்ணை மறந்துவிடுங்கள். எவோவின் ஆறாம் பதிப்பான எவோ 6-ல் இழுவிசை, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போதே உச்சத்தைத் தொடுகிறது. எஸ்டிஐ-யில் 4000 சுற்று வரை காத்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியேறும்போது அந்த ஆயிரம் சுற்று பெரிய தூரம். மேலும், எவோ 4 முதல் வந்த ஏஒய்சி (ஆக்டிவ் யா கன்ட்ரோல்) அமைப்பு பின் சக்கரங்களில் வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு விசையைக் கூட்டித் தருவதால், காரின் மூக்கு தானே உள்ளே திரும்பும். இம்ப்ரேஸா எடை குறைந்தது, ஆனால் நாம் சொல்லாமல் திரும்பாது. பிரேக்கில் முன்பக்கம் சுமை ஏற்றி, பிறகு திருப்ப வேண்டும். அதைக் கற்றுக்கொள்வதே தனி ஆனந்தம்.

கேள்வி: சுபாருவுக்கு மட்டும் ஏன் அந்த உறுமல்?

சுபாருவின் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. புகைபோகும் குழாய்களின் நீளம் சமமாக இல்லாததால் துடிப்புகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. பிற்கால ஜப்பானிய எஸ்டிஐ-களில் குழாய்களைச் சமப்படுத்தினார்கள், உறுமலும் போய்விட்டது.

கேள்வி: ஐயா, அப்பாவிடம் திருவள்ளூர் ஆலையில் செய்த லான்சர் இருந்தது. அதுவும் எவோவும் ஒன்றா?

உருவத்தில் உறவுதான். எவோ 4 முதல் 6 வரை அதே தலைமுறை லான்சரின் மேல் எழுந்தவை. ஆனால் உங்கள் அப்பாவின் கார் முன்சக்கர இயக்கம். எவோவுக்கு நான்கு சக்கர இயக்கமும் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினும். அந்தக் கார் இன்னும் வீட்டில் இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். எஸ்டிஐ என்றால் ஆயில் அளவுகோலை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஐந்து கியர் பெட்டியும் முரட்டுத்தனத்தைத் தாங்காது.

எவோவில் சாவியைத் திருப்பியதும் ஏஒய்சி எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஒருமுறை நான் பார்க்கப்போன காரில் அப்படித்தான் இருந்தது. ஏஒய்சி பம்ப் செத்துக் கிடந்தது. டைமிங் பெல்ட்டோடு, எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட்டையும் எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் எஞ்சினே போய்விடும். இரண்டு கார்களிலும் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, பின் சஸ்பென்ஷன் மேடையில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: சேகரிப்பாளர்கள் எதற்கு ஓடுகிறார்கள்?

இம்ப்ரேஸாவில் 1998-ன் 22பி. ஜப்பானுக்கு 400 மட்டுமே. ஆனால் அது இரண்டு கதவு கார், செடான் அல்ல. சுபாரு 1995 முதல் 1997 வரை தொடர்ந்து மூன்று முறை உலக ரேலி நிறுவனப் பட்டம் வென்றதன் பெருமை அதில் இருக்கிறது. செடான்தான் வேண்டும் என்றால் என் தேர்வு எவோ 6-ன் டாமி மாக்கினென் பதிப்பு. மிட்சுபிஷியின் ரேலி ஓட்டுநரான அவர் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டும் உலக ரேலி ஓட்டுநர் பட்டம் வென்றதைக் கொண்டாட வந்த கார் அது. அமெரிக்காவில் 25 வயது கடந்த கார்களைத் தடையின்றி இறக்கலாம் என்பதால், 2000-ல் பிறந்த இதற்கு அங்கேயும் கதவு திறந்துவிட்டது.

கேள்வி: பெரிய டர்போ மாட்டிய எவோ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஓட்ட வாங்குங்கள், சேகரிக்க வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் விலை பேசலாம்.