ஆப்பிரிக்காவுல எச்ஐவி டெஸ்டிங், கவுன்சலிங்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, பல நாடுங்க சேர்ந்து எச்ஐவி டெஸ்டிங்க சரி பண்ணாங்கன்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் பண்ணாங்க?

பதில்: ஸ்டார் திட்டத்த எடுத்துக்கோங்க. 2015ல யூனிட்எய்ட்ங்கற உலக சுகாதார நிதி அமைப்பு காசு குடுக்க, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே மூணு நாட்டுலயும் தனக்குத் தானே எச்ஐவி டெஸ்ட் பண்ணிக்கற சுயபரிசோதனை கிட்டுகள மக்கள் கைல குடுத்துப் பாத்தாங்க. மலாவில கிராமத்து ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா கொண்டு போக வச்சாங்க, வெறும் படம் போட்ட தாள் மட்டும் குடுத்தா பல பேர் தப்பா செய்யறாங்க, ஒருத்தர் செஞ்சு காட்டினாதான் சரியா வருதுன்னு களத்துல புரிஞ்சுது. 2016 கடைசில உலக சுகாதார நிறுவனம் சுயபரிசோதனைய பரிந்துரை பண்ணுச்சு. 2017ல ஓராக்விக்ங்கற சுயபரிசோதனை கிட்டு விலை 50 நாடுகளுக்கு 2 டாலர்னு இறங்குச்சு, அப்புறம் ஸ்டார் திட்டத்துல தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாத்தினியும் சேர்ந்தாங்க. ஒவ்வொரு நாடும் தனியா போய்க் கேட்டிருந்தா இந்த விலைக்கு யாரும் குடுத்திருக்க மாட்டாங்க.

கேள்வி: அந்தக் கிட்டு எப்படி வேலை செய்யுது?

பதில்: கிட்டுல இருக்கற குச்சிய மேல் ஈறுல ஒரு தடவ, கீழ் ஈறுல ஒரு தடவ தேய்ச்சு, கூட வர்ற திரவத்துல வைக்கணும். 20 நிமிஷத்துக்கு அப்புறம், 40க்குள்ள பாத்துடணும். குச்சில சி, டின்னு ரெண்டு குறி இருக்கும். சி பக்கம் மட்டும் கோடுன்னா நெகடிவ். டி பக்கம் மங்கலா வந்தாக்கூட ரியாக்டிவ்தான், ஆனா ரியாக்டிவ்னா நோய் உறுதின்னு அர்த்தம் இல்ல, ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்து உறுதி பண்ணியே ஆகணும். எச்ஐவிக்கு ஏற்கனவே ஏஆர்டி மாத்திரை சாப்பிடறவங்க இதுல டெஸ்ட் பண்ணவே கூடாது, பொய்யா நெகடிவ் காட்டலாம்.

கேள்வி: போன வாரம் ரிஸ்க் ஆச்சு, இப்பவே பண்ணலாமா?

பதில்: இப்ப நெகடிவ் வந்தாலும் நம்ப முடியாது, 3 மாசம் கழிச்சு மறுபடி பண்ணுங்க. ரிஸ்க் ஆகி 72 மணி நேரத்துக்குள்ளன்னா எச்ஐவி தடுப்பு மாத்திரைக்கு உடனே ஓடியிருக்கணும், இத எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: பத்து நாள் ஆச்சு, நெகடிவ், ஓகேவா?

பதில்: மேல இருக்கு. 3 மாசம்.

கேள்வி: கிட்டு ஒண்ண கைல குடுத்துட்டா கவுன்சலர் எதுக்கு? மனுஷன தனியா விட்டுட்டாங்க.

பதில்: இத ஒத்துக்கவே மாட்டேன் தம்பி. 1990ல உகாண்டா தலைநகர் கம்பாலாவுல எய்ட்ஸ் இன்ஃபர்மேஷன் சென்டர்ல பேர் கேக்காம டெஸ்ட் பண்ணாங்க, ஆனா ரிசல்ட்டுக்கு ரெண்டு வாரம் காத்திருக்கணும், பல பேர் திரும்பி வரவே இல்ல. அது மட்டும் தனியா விடறது இல்லயா? டெஸ்டுக்கு முன்னாடி நீட்டிப் பேசறத குறைங்க, ரிசல்ட் வந்த அப்புறம் பேசறத குறைக்காதீங்க.

கேள்வி: அப்ப வீட்டுல தனியா பாத்து உடைஞ்சு போறவங்களுக்கு?

பதில்: நியாயமான கேள்வி. அதனாலதான் கிட்டு குடுக்கற கிராமத்து ஆளே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும், ஃபோன் நம்பரும் கூடவே குடுக்கணும். அது இல்லாத திட்டத்த நானே எதிர்ப்பேன்.

கேள்வி: இருபது நாள் ஆச்சு...

பதில்: 3 மாசம்ங்க, 3 மாசம்!

கேள்வி: தமிழ்நாட்டுல எங்க போறது?

பதில்: அரசு ஆஸ்பத்திரில இருக்கற ஐசிடிசி, அதாவது எச்ஐவி டெஸ்டிங், கவுன்சலிங் மையம், இலவசம். சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணுங்க.