அசிட்ரோம் சாப்பிடுகிறேனே, ஊசி போட்டால் என்ன?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 28 வயசு. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. இரண்டு வருஷம் முன்னால் இடது கெண்டைக்கால் வீங்கி, ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்கட்டி என்றார்கள். ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் தடுக்கும் புரதம் எஸ் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து அசிட்ரோம் சாப்பிடுகிறேன். தை மாசம் கல்யாணம். உடம்பு தேறட்டும் என்று காரைக்குடியில் ஒரு ஜிம்முக்குப் போனேன். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தினமும் டயனபால் மாத்திரை என்று மூணு வாரம் ஆச்சு. ‘ரத்தம் இளக மாத்திரை போடுறீங்களே, அப்புறம் என்ன பயம்?’ என்கிறார் மாஸ்டர். இப்போது பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. தொடரலாமா?
— பெயர் வேண்டாம், ஆத்தங்குடி

பதில்: கடைசியில் போகிறபோக்கில் சொன்னதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், தம்பி. ஈறில் வரும் ரத்தத்துக்கு பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். இதைப் படித்த கையோடு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பாருங்கள். பத்திரிகை வரும்வரை காத்திராமல் ஏற்கெனவே பார்த்திருந்தால் சந்தோஷம்.

உங்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். டயனபால் போன்ற சதை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸாண்ட்ரோலோனை, அசிட்ரோம் மாதிரியே வேலை செய்யும் வார்ஃபரினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, ஐ.என்.ஆர். ஏறாமல் இருக்க வார்ஃபரினை 80 முதல் 85 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருந்தது. நீங்களோ பழைய அளவையே விழுங்குகிறீர்கள். இந்த நிலையில் இடுப்பில் ஆழமாக ஊசி வேறு. சதைக்குள் ரத்தம் கசிந்து, உட்கார முடியாமல் ஒருக்களித்தபடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘அப்படியானால் கட்டியாவது வராதே’ என்று மாஸ்டர் கேட்பார். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். மருத்துவக் காரணத்துக்காகவே இந்த ஊசி போடுகிறவர்களுக்குக்கூட, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் நிறுத்திவிடுவோம். ஜிம்மில் அதை யார் அளக்கிறார்கள்? அசிட்ரோம் அந்தக் கெட்டித்தன்மையைக் குறைக்காது. அது கல்லீரலில் உறைபொருள் உருவாவதைத் தடுக்கிற மருந்து, அவ்வளவுதான்.

ஆகவே ஊசியும் வேண்டாம், டயனபாலும் வேண்டாம். ஆனால் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு உடம்பை விட்டுப் போகப் போக ஐ.என்.ஆர். இறங்கும், பழைய கட்டி திரும்ப எட்டிப் பார்க்கலாம். அசிட்ரோம் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். ஜிம்மில் கொடுத்த குப்பியையும் அட்டையையும் மறைக்காமல் மேஜையில் வையுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.என்.ஆரோடு ஹெமட்டோக்ரிட், கல்லீரல் பரிசோதனையும் கேளுங்கள். அசிட்ரோமை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இன்னொரு சந்தேகம். அந்தப் புரதம் எஸ் பரிசோதனை எப்போது எடுத்தது? அசிட்ரோம் ஆரம்பித்த பிறகு என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அந்த மாத்திரையே புரதம் எஸ்ஸைக் குறைத்துக் காட்டும். தேதியைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கல்யாணம் என்கிறீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் விரைகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு உற்பத்தி அடங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். நானும் பள்ளத்தூர்க்காரன்தான். நம் பக்கத்து ஆச்சிமார் மாப்பிள்ளையின் தோளை அளக்க மாட்டார்கள், அடுத்த வருஷமே ‘விசேஷம் உண்டா?’ என்றுதான் கேட்பார்கள்.

கல் தூக்குகிற உடம்பு உங்களுடையது. முட்டை, பயறு, மீன், அளவான எடைப் பயிற்சி போதும். கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு, மறுவாரம் தொடாமல் இருக்காதீர்கள், ஐ.என்.ஆர். ஆடும். ஜவுளி எடுக்கச் சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போனால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மலம் தாராகக் கறுத்தால், வழக்கமில்லாத தலைவலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கெல்லாம் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.