கோரை, உண்ணிச்செடி, சீமைக் கருவேலம்: கேள்வி பதில்

கேள்வி: கத்தரிப் பாத்தியில் கோரையைப் பிடுங்கப் பிடுங்க, ஒரு மழைக்குப் பின் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. நன்றாகக் கொத்திப் புரட்டினால் அழியுமா, ஐயா?

பதில்: ஈர மண்ணில் ஒருமுறை கொத்திவிட்டு நிறுத்தினால் கோரை பெருகவே செய்யும். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் மெல்லிய வேர்த்தண்டுகளால் கோக்கப்பட்ட சரமாக ஓடுகின்றன. ஒரு கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன, மண்வெட்டி அச்சரத்தைத் துண்டித்ததும் அவையும் தனித்தனியே முளைக்கத் தொடங்குகின்றன. கையால் இழுக்கும்போது தாளும் அடிக்குமிழும் மட்டுமே வர, கிழங்கு கீழேயே தங்கிவிடுகிறது.

ஆகவே கோடையில் தண்ணீர் பாய்ச்சாமல் நிலத்தைக் காயவிட்டு, அதன் பிறகு ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்குகளை மேலே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துங்கள். ஒன்றை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே வெண்மையும் மணமும் இருந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. பிறகு ஒரு தண்ணீர் விட்டு, எஞ்சியவை முளைத்ததும், புதுக் கிழங்கு பிடிக்குமுன், அதாவது இரண்டு வாரங்களுக்குள், களைக்கொத்தால் தோண்டி எடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால், அடுத்த பயிராகத் தக்கைப்பூண்டையோ தட்டைப்பயற்றையோ நெருக்கி விதைப்பதையே நான் வலியுறுத்துவேன்.

கேள்வி: கருப்பு பாலித்தீன் மூடாக்கு போதாதா?

பதில்: மற்றக் களைகளுக்குப் போதும். கோரையின் கூரிய முளை அந்தத் தாளையே துளைத்துக்கொண்டு வெளிவரும்.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் தோட்டத்து ஓரத்தில் உண்ணிச்செடியை ஆண்டுதோறும் வெட்டுகிறோம், அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. என்ன செய்வது?

பதில்: துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் தூர்ப்பகுதியிலிருந்துதான். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் பரிந்துரைத்த முறைப்படி, மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். இதைப் பழம் பிடிக்குமுன் செய்வது நல்லது. பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள் விதையைப் பரப்புவதால், அவை வந்து அமரும் மரங்களின் அடியில் மழைக்குப் பின் கன்றுகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். வெற்றிடமான இடத்தில் உள்ளூர்ப் புல்லை உடனே விதையுங்கள். அழகுச்செடியாக ஆங்கிலேயர் கொண்டுவந்த இச்செடி நம் காடுகளின் புல்லையெல்லாம் மூடிவிட்டதை எண்ணினால், நர்சரியில் எதையும் விசாரிக்காமல் வாங்க மனம் வராது.

கேள்வி: ஆட்டு எரு போட்ட இடமெல்லாம் சீமைக் கருவேலங்கன்று முளைக்கிறதே?

பதில்: ஆடு நெற்றைத் தின்றாலும் அதன் கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளிவந்து எளிதில் முளைக்கும். எருவைக் குவித்துச் சூடேற நன்கு மக்கவைத்த பிறகே இடுங்கள். கன்றுகளை, ஆணிவேர் ஆழமாக இறங்குமுன், ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.