அந்த விலைகூடிய ரிமோட் தேவையா?

கேள்வி: மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறான். ஃபோம் போர்டை வெட்டி ஒட்டி, ஒன்றேகால் மீற்றர் இறக்கையுள்ள விமானம் ஒன்று செய்திருக்கிறான். இறக்கை மேலே இருக்கிறது, அதன் அடிப்பக்கம் தட்டை. நன்றாகத்தான் பறக்கிறது. ஆனால் இடப்பக்கம் சரித்தால் மூக்கு முதலில் வலப்பக்கம் போய், பிறகுதான் இடப்பக்கம் திரும்புகிறது. கொழும்பில் ஒரு கடையில் கேட்டபோது, "எய்லரோன் டிஃபரென்ஷியல் உள்ள ரிமோட் வேண்டும், உங்கள் நாலு சானல் ரிமோட்டில் அது வராது" என்றார்கள். அந்தக் காசுக்கு நல்ல சைக்கிள் ஒன்று வாங்கலாம். வாங்கத்தான் வேண்டுமா? (தகப்பன் ஒருவர், பரந்தன்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். மருந்துதான் தேவைக்கு மிஞ்சியது.

எய்லரோன் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தட்டு. இடப்பக்கம் சரிக்கும்போது இடது எய்லரோன் மேலே எழும்பும், வலது கீழே இறங்கும். இறங்கிய பக்கத்தில் தூக்குவிசை கூடும், அதோடு இழுவையும் கூடும். அந்த இழுவை வலது இறக்கையைப் பின்னுக்கு இழுப்பதால் மூக்கும் வலப்பக்கம் போகிறது. அடி தட்டையான இறக்கையில் இந்தக் குணம் நன்றாகவே தெரியும். எய்லரோன் மேலே போகும் அளவைக் கூட்டி, கீழே வரும் அளவைக் குறைத்தால் அடங்கிவிடும். டிஃபரென்ஷியல் என்பது இவ்வளவுதான். 1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மோத் என்ற நிஜ விமானத்திலேயே கீழிறங்கும் எய்லரோன் மிகக் கொஞ்சம்தான் அசையும். கம்பியையும் நெம்பையும் வைத்தே அதைச் செய்தார்கள்.

உங்கள் மகனுக்கும் அதே வழிதான். ஃபோம் போர்ட் விமானத்தில் பெரும்பாலும் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சேர்வோ (எய்லரோனை அசைக்கும் சின்ன மோட்டார்) இருக்கும், இரண்டையும் Y வடிவான ஒரு வை கேபிள் சேர்க்கும். சேர்வோவின் கையும், அதிலிருந்து வரும் கம்பி எய்லரோனில் மாட்டும் ஹார்ன் என்ற சிறு துண்டும் இறக்கைக்கு அடியில் இருந்தால், ரிமோட்டையும் விமானத்தையும் ஓன் செய்து ஸ்டிக்கை நடுவில் விட்டுவிட்டு, கையைக் கழற்றி இறக்கையின் முன்விளிம்புப் பக்கம் சற்றுச் சாய்த்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய வேண்டும். சாய்த்ததும் எய்லரோன் கீழே இழுபடும், கம்பியை நீட்டி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு சாய்ப்பது? சேர்வோ இரு பக்கமும் 45 பாகை சுழல்கிறது, ஹார்னின் துளை கீலுக்கு நேர் கீழே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 பாகை சாய்த்தால் மேலுக்கு நாலு பங்கு, கீழுக்கு மூன்று பங்கு. 30 பாகை என்றால் எட்டுக்கு ஐந்து. முதலில் 30 பாகையில் வைத்து, அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மேலே 12 மில்லிமீற்றர், கீழே 7 அல்லது 8 வந்தால் நல்ல தொடக்கம். கீழேதான் கூடுதலாக வருகிறது என்றால் கையைத் தலைமாறிச் சாய்த்துவிட்டீர்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, விமானம் ஏன் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது என்று ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தேன். நடுவில் ஒரே சேர்வோ என்றால், அதன் வட்டத்தட்டில் இரண்டு கம்பிகளின் துளைகளையும் ஒரே திசையில் நகர்த்தி, அதே அடிமட்டத்தால் அளந்தால் சரி.

பிறகு பறக்கவிட்டு, விமானம் நேராகத் தூரப் போகும்போது இடமும் வலமும் மாறிமாறிச் சரித்துப் பார்க்கட்டும். மூக்கு இன்னும் எதிர்ப்பக்கம் ஆடினால் சாய்வு போதாது. சரிக்கிற பக்கமே மூக்கு இழுத்தால் கூடிவிட்டது. திரும்பும்போது சுக்கானும் கொஞ்சம் கொடுக்கப் பழகினால் இன்னும் நல்லது. எந்த ரிமோட்டும் அந்தப் பழக்கத்தை விற்பதில்லை.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் சேர்வோவில் செலவழியுங்கள். மலிவான 9 கிராம் சேர்வோக்களில் பல, விட்ட இடத்துக்குத் திரும்பாது. நடுவே நிலையாக இல்லாவிட்டால் மேலே செய்த அளவெல்லாம் வீண். கடையிலேயே சேர்வோ டெஸ்டரில் பூட்டி, இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு விட்டு, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய ரிமோட் பழுதாகி எப்படியும் புதிது வாங்கும் நாள் வந்தால் ஆறு சானலாக வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், ஓன் பண்ணி மெனுவைக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ரிமோட்டுகளில் ஒரு சானலை இன்னொன்றோடு கலந்து, இரு பக்கத்துக்கும் வேறு வேறு அளவு கொடுக்கலாம். அதுவே போதும். அப்போது வை கேபிளைக் கழற்றி, ஒவ்வொரு சேர்வோவையும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரில் தனிச் சானலில் பூட்ட வேண்டும். வை கேபிளில் இரண்டு சேர்வோவுக்கும் போவது ஒரே சிக்னல், எவ்வளவு விலையான ரிமோட்டாலும் அதைப் பிரிக்க முடியாது. கனபேர் இது தெரியாமல், புது ரிமோட் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் ரிமோட்டும் பற்றரியும் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். வரவிடலாமா? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். ரேடியோக் கருவி கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதைக் கேட்டறியாமல் அனுப்பினால் சாமான் சுங்கத்தில் நிற்கும். பற்றரியை இங்கேயே வாங்குங்கள். இங்கே வாங்கிய சாமான் சொன்னபடி இல்லாமல், கடைக்காரரும் கையை விரித்தால், பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம். அவர்களின் தொலைபேசி 1977. மச்சான் அனுப்பும் சாமானுக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: எங்கே பறக்கவிடுவது? வயல்வெளி போதுமா? (கிளிநொச்சி மாணவன்)

பதில்: அறுவடை முடிந்த வயல் நல்லது. ஆனால் இரணைமடு, வவுனியா விமானப்படைத் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம். சிவில் விமான அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறிந்து, பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லிவிட்டுப் பறக்கவிடுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள், தலைக்கு மேல் ஏதாவது இரைந்தால் அவர்களுக்கு நெஞ்சு பதறும். விமானம் பற்றைக்குள் விழுந்து, அங்கே சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றால், அந்த விமானம் போனது போனதுதான். முகமாலைப் பக்கம் இன்னும் கண்ணிவெடி அகற்றுகிறார்கள்.