விசுவாசி வேடம் யாருக்கு?

கேள்வி: நாங்கள் மன்னார்குடிப் பக்கம். நிலக்காரரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாள் காலத்தைப் பற்றி ஊரில் ஒரு மேடை நாடகம் போடுகிறோம். கடைசிவரை ஆண்டைக்கு, அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு, விசுவாசமாக இருக்கும் கிழவர்தான் மையப் பாத்திரம். அவர் மகன் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறான். நடிக்க வந்த 14 பேரும் மகன் வேடத்தையே கேட்கிறார்கள். கிழவருக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: மகன் வேடத்துக்குப் போட்டி இருக்கத்தான் செய்யும், கைதட்டல் அங்கேதானே! ஆனால் உங்கள் நாடகம் நிற்பதும் விழுவதும் கிழவரிடம்.

முதலில் கதை நடக்கும் வருடத்தை முடிவு செய்யுங்கள். அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843-லேயே போய்விட்டது. அதற்குப் பிறகும் ஆளைப் பண்ணையில் கட்டிப்போட்டது கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், மிராசுதார் மனையில் நின்ற குடிசையும். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிர்ப்பு எழுந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் கதை இந்த இடைவெளியில் நடந்தால், கிழவர் 1880-களில் பிறந்தவர். மகன் பேசும் 'உரிமை' அவர் காதுக்கே புதுசு. நடிக்க வருகிறவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

தேர்வில் வசனம் கொடுக்காதீர்கள். நெல் அளக்கும் மரக்கால் ஒன்றும் கொஞ்சம் நெல்லும் போதும். ஆண்டையின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கூலி அளக்கிறார், கிழவர் துண்டை விரித்து வாங்குகிறார். அளவு ஒரு மரக்கால் குறைகிறது. "சரியா இருக்கா?" என்று ஆண்டை கேட்கிறார். "இருக்குங்க ஆண்டே." அவ்வளவுதான் காட்சி. 14 பேரையும் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் விம்முவார், இன்னொருவர் முறைப்பார், அவர்களை வேறு வேடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கண் அளவை எண்ணிக்கொண்டே இருக்க, வாய் மட்டும் 'இருக்குங்க' என்று சொல்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவர்தான் உங்கள் கிழவர். குறைந்தது தெரியாமல் சொன்னால் அது வெறும் ஏமாளித்தனம். தெரிந்தும் சொல்கிறாரே, அந்த விசுவாசத்துக்குள் பயம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நிஜமான பாசம் எவ்வளவு என்று பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டும்.

ஆண்டைக்கு மீசையையும் உடம்பையும் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி எடுத்தேன். அவர் உறுமியபோது முன்வரிசைக் குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். தாழ்ந்த குரலில் பேரனின் காய்ச்சலை விசாரித்துவிட்டு, அதே மூச்சில் கூலி நெல்லில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறவர் வேண்டும். அவரிடம்தான் ஒரு கிழவர் விசுவாசமாக இருந்திருக்க முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் நாடகத்தில் யார் எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். சேரிப் பிள்ளை குனிந்து நிற்க, ஊர்த்தெருப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால், திரை விலகும் முன்பே பழைய கணக்கு தொடங்கிவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போடுவதும் தீர்வில்லை. அந்தக் கூனலின் வலி தெரியாதவர் நடித்தால் கேலியாகிவிடும். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாட்டேன் என்றால் காரணம் கேட்காதீர்கள். 'ஆண்டே' என்ற சொல்லே சிலருக்குத் தொண்டையில் சிக்கும். அடிவாங்கும் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை அடிவாங்குகிறவரே முடிவு செய்யட்டும். சவுக்குச் சத்தம் உள்ளிருந்து வந்தாலே போதும். ஊரில் இருக்கிற எந்தக் குடும்பத்தின் பெயரையும் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள்.

கிழவரின் மனைவிக்குப் பெண்ணையே போடுங்கள். மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் ஆண்கள் பெண்வேடம் கட்டுவது மரபு, அங்கே அது அழகு. உங்கள் மேடையில் சிரிப்பு வந்துவிடும். நடவுக்குப் போன அனுபவமுள்ள அக்கா யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் குரல். கிழவர் வெற்றுடம்போடு நிற்பார், சட்டைக் காலரில் மாட்டும் மைக் அவருக்கு உதவாது. திறந்தவெளியில் 50 அடி தள்ளி நின்று, அவர் முனகுவதே கேட்கிறதா என்று பாருங்கள். கிழவர் வேடத்துக்கு இரண்டாவதாகத் தேறியவரையும் முழுப் பாடம் படிக்க வையுங்கள். தினமும் மணிக்கணக்கில் குனிந்தே ஒத்திகை பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், நாடகத்தன்று ஆள் எழுந்திருக்க முடியாமல் போகலாம்.