அயர்லாந்து டிஎன்ஏ வரைபடத்தை வைத்து ஒருவரின் பூர்வீகத்தைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் வரைபடத்தில் ஒரே வண்ணம் பூசிய வட்டாரத்தைப் பார்த்துவிட்டு "இவர்கள் ஆதியிலிருந்தே இங்கேதான்" என்று நினைத்தால் தப்பு.

என்னுடன் வேலை பார்க்கும், அயர்லாந்தின் வடமேற்கில் இருக்கும் டொனகல் மாவட்டத்துக்காரர் ஒருவர் குப்பியில் எச்சிலைத் துப்பி டெஸ்டுக்கு அனுப்பினார். கணிசமான பங்கு ஸ்காட்லாந்து என்று ரிசல்ட் வந்தது. உடனே "ஓ, நீ பிளான்டர் வம்சமா!" என்று ஆளாளுக்கு ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1609-ல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் தொடங்கிய குடியேற்றத்தில் வந்திறங்கிய ஸ்காட்லாந்து, இங்கிலாந்து புராட்டஸ்டன்டுகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். இவரோ கத்தோலிக்கர், முகம் சுண்டிவிட்டது. ஆனால் அது ஒரு வழி மட்டும்தான். அதற்கு வெகு முன்பே டொனகல் தலைவர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து காலோகிளாஸ் என்ற கூலிப்படை வீரர்களை வரவழைத்து நிலம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள், மக்ஸ்வீனி குடும்பத்தார் அப்படி வந்தவர்கள். அப்புறம் 19-ம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு தோண்ட ஸ்காட்லாந்துக்குப் போய்வந்த டொனகல் கூலிகள், அங்கேயே கல்யாணம் கட்டியவர்கள். இன்னும் பழைய காலத்துக்குப் போனால் அயர்லாந்தின் ஆன்ட்ரிமும் ஸ்காட்லாந்தின் ஆர்கைலும் கடலுக்கு இரண்டு பக்கமும் டால் ரியாடா என்ற ஒரே அரசு (நடுவே 20 கிலோமீட்டர் தண்ணீர்தான்), ஆகவே "ஸ்காட்லாந்து" என்று ஒப்பிடும் மாதிரியிலேயே அயர்லாந்து ரத்தம் இருக்கலாம். டிஎன்ஏ ஒற்றுமையைக் காட்டும். யார் எந்தக் கரையிலிருந்து படகு ஏறினார் என்று அதில் எழுதியிருக்காது. நார்வே ஒற்றுமையும் இதே கதைதான்: வைக்கிங்குகள் இங்கே குடியேறினார்கள், இங்கிருந்து அடிமைகளையும் கொண்டுபோனார்கள்.

சரி, பெயரை வைத்துப் பிடிக்கலாமே என்றால், அயர்லாந்தின் கவன் மாவட்டத்தில் ஸ்மித் (கொல்லர்) என்று இருப்பவர்களில் பலர் ஆங்கிலேயரே இல்லை, கொல்லர் மகன் என்று பொருள்படும் மக் கவன் என்ற ஐரிஷ் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டவர்கள்.

2017-ல் வந்த ஐரிஷ் டிஎன்ஏ அட்லஸ் நல்ல ஆய்வு. கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேரும் 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறந்திருந்தால்தான் சேர்த்தார்கள், அப்படி 194 பேர். பத்துப் பிரிவுகள் கிடைத்தன: ஏழு கேலிக் ஐரிஷ் (அயர்லாந்தின் பூர்வகுடி வழி), மூன்று பிரிட்டிஷ் கலப்பு. ஆனால் இவ்வளவு சலித்து எடுத்தால் கிடைப்பது ஊரைவிட்டு நகராதவர்களின் படம். 1845-52 பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்து, இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள், அதிலும் மேற்குப் பகுதிதான் ரொம்ப அடிபட்டது. போனவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

தன் பாட்டி கிளாஸ்கோவில் பிறந்தவர் என்பது நம் டொனகல்காரருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டியின் அப்பா அம்மா எந்த ஊர் என்று கேட்டேன், தெரியாதாம்.