சொல் கேளுங்கள்: பிரிவும் பிரியாவிடையும்

கேள்வி: அழைப்பிதழ் ஒன்றில் 'பிரிவு உபச்சார விழா' என்று அச்சாகியிருந்தது. இது சரியா? 'பிரியாவிடை விழா' என்று போடலாமா?

பதில்: 'உபசாரம்' என்பதே சரி, நடுவில் 'ச்' வராது. சேர்த்து எழுதினால் 'பிரிவுபசாரம்'. 'பிரிவு' முற்றியலுகரச் சொல்லாயிற்றே, அதாவது கடைசி உகரம் குறையாமல் முழுதாக ஒலிப்பதாயிற்றே, அது எப்படிக் கெடும் என்று கேட்கலாம். உயிரெழுத்து வரும்போது சில இடங்களில் முற்றியலுகரமும் கெடும் என்கிறது நன்னூல். திருக்குறளின் 116-ஆம் அதிகாரம் 'பிரிவாற்றாமை' ஆனதும் அப்படித்தான்.

'பிரியாவிடை'யும் நல்ல சொல்லே. இதில் 'விடை' என்பது போவதற்கான அனுமதி. 'பிரியா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'பிரியாத' என்பதில் கடைசி எழுத்து போய்விட்டது. பிரிய மனமில்லாமல் பெறும் விடை என்று விரித்துக்கொள்ளலாம். துணைக்காலை விட்டுவிட்டு 'பிரியவிடை' என்று எழுதினால், பிரிவதற்கு அனுமதி என்றாகி பொருள் கவிழ்ந்துவிடும்! 'பிரியம்' கலந்த விடை என்பதும் தவறு. அது வடசொல், 'பிரி'யோடு உறவில்லாதது.

இன்னொரு சறுக்கல்: போகிறவர்தான் விடை பெறுவார், இருப்பவர்கள் கொடுப்பார்கள். 'ஓய்வுபெறும் ஆசிரியர் மாணவர்களுக்குப் பிரியாவிடை கொடுத்தார்' என்பது தலைகீழ். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் சுந்தரேசுவரரோடு எழுந்தருளும் அம்மனுக்கும் பிரியாவிடை என்றே பெயர். அங்கே யாரும் யாரையும் வழியனுப்புவதில்லை.

இவ்வளவு யோசிக்க வேண்டாம் என்றால் 'வழியனுப்பு விழா' போதும்.

கேள்வி: 'மனைவியிடமிருந்து பிரிந்தார்', 'மனைவியைப் பிரிந்தார்': எது சரி?

பதில்: இரண்டாவது. 'பிரிந்தார்' தன்வினைதான், அதாவது ஒருவர் தானே செய்வது; ஆனாலும் யாரைப் பிரிந்தார் என்பதற்கு 'ஐ' உருபை ஏற்கும். பேச்சில் 'மனைவியை விட்டுப் பிரிந்தார்' என்போம். அதிலும் 'ஐ' இருக்கிறது. 'இடமிருந்து' என்பது மொழிபெயர்ப்புச் செய்திகள் வழியாக ஒட்டிக்கொண்டது. முழுமையிலிருந்து ஒரு பகுதி கழன்று தனியாவதைச் சொல்லும்போது மட்டும் 'இலிருந்து' இயல்பாகப் பொருந்தும்: '1953-இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தது.'

பிறரைச் செய்யவைக்கும் பிறவினையில் வல்லினம் இரட்டிக்கும்: பிரிந்தார்கள், பிரித்தார்கள், பிரிகிறது, பிரிக்கிறது. 'சண்டை அவர்களைப் பிரிந்தது' என்று தட்டச்சில் தவறினால், சண்டை கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று பொருளாகும்.

கேள்வி: 'பிரிதொரு நாள்' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'வேறு' என்ற பொருள் தருவது 'பிறிது'; 'பிற' என்பதன் உறவு. எனவே 'பிறிதொரு நாள்'.